பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு: திருத்துபவர் மேசையிலிருந்து ஒரு வழிகாட்டி

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குள் நீங்கள் வந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. கோடை வெயில், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி, ஒட்டிப் போட்ட பெஞ்சுகள். ஒவ்வோர் ஆசிரியர் முன்னாலும் ஒரு கட்டு விடைத்தாள், பக்கத்தில் விடைக்குறிப்பு. காலையில் ஒரு கட்டு முடித்தால் மதியம் இன்னொரு கட்டு. மேல்தாளில் பெயர் இருந்த பகுதி ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருக்கும். எழுதியவர் யார், எந்த ஊர், வகுப்பில் முதல் மாணவியா கடைசி பெஞ்ச்சா என்று எதுவும் தெரியாது. கையில் இருப்பது தாள் மட்டும்தான்.

நான் கணக்கு வாத்தியார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து திருத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பாடம் தெரியாததால் போகிற மதிப்பெண் ஒரு பக்கம் இருக்கட்டும். பாடம் நன்றாகத் தெரிந்தும், அது தாளில் கண்ணுக்குப் படாததால் போகிற மதிப்பெண் இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்த இரண்டாவது வகையைத்தான் இங்கே பேசப்போகிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பை வைத்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

திருத்துபவர் எதைத் தேடுகிறார்?

விடைக்குறிப்பில் ஒரு 5 மதிப்பெண் கணக்கு ஒரே மொத்தமாக இருக்காது. வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு, பிரதியிட்டதற்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று படிபடியாகப் பிரிந்திருக்கும். திருத்துபவரின் கண் அந்தப் படிகளைத் தேடித்தான் ஓடும்.

3 + 7 + 11 + … என்ற தொடரில் 40 உறுப்புகளின் கூடுதல் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் a = 3, d = 4, n = 40 என்று எழுதி, கூடுதல் வாய்ப்பாட்டை எழுதி, 20 × (6 + 39 × 4) என்று பிரதியிட்டு, அவசரத்தில் 39 × 4 என்பதை 146 என்று போட்டு 3040 என்று முடிக்கிறார். சரியான விடை 3240. ஆனாலும் அவருக்குப் பெரும்பகுதி மதிப்பெண் கிடைத்துவிடும், ஏனென்றால் எந்த இடத்தில் சறுக்கினார் என்பது தெரிகிறது. இன்னொருவர் எல்லாவற்றையும் மனதிலேயே போட்டு, அதே பெருக்கலில் அதே தவற்றைச் செய்து, "விடை 3040" என்று ஒரே வரி எழுதுகிறார். அவருக்குக் கொடுக்க எனக்கு ஆசையிருந்தாலும், எதற்குக் கொடுப்பது? தாளில் ஒன்றுமே இல்லையே!

கீழே வருவதெல்லாம் இந்த இரண்டு மாணவர்களின் வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

ஒரு மாதத்துக்கு முன்

படிப்பதைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். எழுதிப் பார்ப்பதைத்தான் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுவது உடம்புக்கும் ஒரு வேலை. பழக்கமில்லாத கை இரண்டாவது மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும், எழுத்து சாயும், கடைசி எட்டு மதிப்பெண் வினா கோழிக் கிறுக்கலாக முடியும்.

அதனால் விடுமுறை நாளில் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, காலை 10 மணிக்கு உட்கார்ந்து 1.15 வரை எழுந்திருக்காமல் எழுதுங்கள். இடையில் தண்ணீர் குடிக்கலாம், போனைத் தொடக் கூடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு முறையாவது இப்படிச் செய்தால் போதும். எழுதி முடித்ததும் விடைக்குறிப்பை வைத்து நீங்களே திருத்துங்கள், அதுவும் கஞ்சத்தனமாகத் திருத்துங்கள். இரண்டே தாளில் உங்கள் வழக்கமான தவறு எது என்று பிடிபட்டுவிடும். ஒருவருக்குக் குறி (+, −) மாறும், இன்னொருவருக்கு அலகு விட்டுப்போகும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசை மேல் ஒட்டுங்கள்.

பேனா விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். தேர்வன்று புதுப் பேனா வேண்டாம். ஒரு வாரமாவது எழுதிப் பழகிய பேனா மூன்று இருக்கட்டும். ஜெல் பேனா சில தாள்களில் பின்பக்கம் ஊறும்; தாளின் இரு பக்கமும் எழுத வேண்டியிருப்பதால் அது தொல்லை.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் பாடப்புத்தகத்தின் பின்பயிற்சியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பெரும்பாலானவை அங்கிருந்து வரும், ஆனால் பாடத்தின் உள்ளிருந்தும் சில வரும். கட்டாய வினாவும் பல நேரம் அப்படித்தான். உள்ளே இருக்கும் எடுத்துக்காட்டுகள், பெட்டிச் செய்திகள் மேல் ஒருமுறையாவது கண்ணை ஓட்டுங்கள்.

முந்தைய நாள்

நுழைவுச்சீட்டு, பேனாக்கள், பென்சில், ரப்பர், அளவுகோல், வடிவியல் பெட்டி. கவராயத்தில் பென்சிலை மாட்டி, ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஆடுகிற கவராயத்தால் வட்டம் தொடங்கிய இடத்தில் முடியாமல் போன தாளையெல்லாம் பார்த்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் புதிதாக எதையும் தொடாதீர்கள். தூக்கத்தில் இழந்த இரண்டு மணி நேரத்தை மறுநாள் கூட்டலிலும் கழித்தலிலும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

முதல் 15 நிமிடம்

10.00 முதல் 10.10 வரை வினாத்தாளைப் படிக்க. 10.10 முதல் 10.15 வரை மேல்தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. 10.15 முதல் 1.15 வரை எழுத. மேல்தாளில் உங்கள் புகைப்படமும் பதிவெண்ணும் அச்சாகியே வரும். உங்களுடையதுதானா, பாடம் சரியா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஏதாவது மாறியிருந்தால் உடனே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். இதற்குக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் வினாத்தாளைக் கதை மாதிரி முதலிலிருந்து கடைசி வரை படிப்பதால் பயன் குறைவு. முதலில் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா, அச்சு தெளிவா என்று பாருங்கள். பிறகு ஒரு மதிப்பெண்ணைத் தாண்டி நேராகப் பெரிய வினாக்களுக்குப் போங்கள். எதை எழுதப்போகிறோம், எதை விடப்போகிறோம் என்று முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான். கணக்கில் 14 ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10 எழுத வேண்டும். அதில் 42ஆம் வினா கட்டாயம். இரண்டு மதிப்பெண்ணில் 28ஆம் வினா கட்டாயம். ஆக, நீங்கள் தேர்ந்தெடுப்பது உண்மையில் 13இல் 9. கட்டாய வினாவை மறந்துவிட்டு மற்றதில் பத்தையும் எழுதி வைப்பவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள்.

வினாத்தாளில் டிக் போடும் பழக்கம் பள்ளித் தேர்வோடு போகட்டும். பொதுத்தேர்வில் வினாத்தாளில் எதையும் குறித்து வைக்காதீர்கள். தேர்ந்தெடுத்த எண்களை மனதில் வையுங்கள்; அதற்குத்தான் பத்து நிமிடம்.

நேரத்தைப் பங்கு போடுவது

கணக்கில் 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு இது: 14 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15 நிமிடம். 10 இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 30 நிமிடம். 10 ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 80 நிமிடம், அதாவது ஒன்றுக்கு எட்டு. வடிவியலும் வரைபடமும் சேர்த்து 35 நிமிடம். மொத்தம் 160. மிச்சம் 20 நிமிடம் சரிபார்க்க.

எதை முதலில் எழுதுவது? வரிசைப்படியே எழுதுங்கள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு மதிப்பெண்ணை முதலில் முடித்துவிட்டு, வடிவியலையும் வரைபடத்தையும் எடுத்துக்கொள்வது என் கட்சி. 16 மதிப்பெண், பழகியவர்களுக்குக் கிட்டத்தட்ட உறுதியானது, கை தெளிவாக இருக்கும்போதே முடிந்துவிடும். ஆனால் எந்த வரிசையானாலும் ஒரு பகுதியைத் தொடங்கினால் அந்தப் பகுதியை ஒரே இடத்தில் முடியுங்கள். 31ஆம் வினா நான்காம் பக்கத்திலும் 32 பதினேழாம் பக்கத்திலும் கிடந்தால், கூட்டும்போது கண் தவறவிட வாய்ப்புண்டு.

ஒரு கணக்கு நகர மறுக்கிறதா? எட்டு நிமிடம் ஆகிவிட்டால், அரைப் பக்கம் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். முக்கால் மணி நேரம் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு, தெரிந்த நான்கை எழுத நேரமில்லாமல் அழுதுகொண்டே வெளியே வந்த பையனை எனக்குத் தெரியும். நன்றாகப் படிக்கிற பையன். அவர்களுக்குத்தான் இந்த வீம்பு அதிகம்.

ஒரு மதிப்பெண்: குறியீடும் விடையும்

"ஏற்புடைய விடையைத் தேர்ந்தெடுத்துக் குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்" என்று வினாத்தாளிலேயே இருக்கிறது. "5. ஆ" என்று மட்டும் எழுதினால் போதாது, விடையை மட்டும் எழுதினாலும் போதாது. இரண்டும் வேண்டும். குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு ஒரு விடை, ஒன்றன்கீழ் ஒன்றாக. விடை தெரியாவிட்டாலும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். இங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

கணக்கு: கை தவறும் இடங்கள்

வடிவியலில் வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 3 செ.மீ., புள்ளி மையத்திலிருந்து 8 செ.மீ. தூரத்தில். பெரும்பாலானோர் படத்தை அழகாக வரைந்துவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடிவிடுவார்கள். உதவிப்படம் எங்கே? வரைமுறை எங்கே? சரிபார்த்தல் எங்கே? 64 − 9 = 55, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.4 செ.மீ. என்று இரண்டு வரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு வரியில் இன்னொரு லாபமும் உண்டு: உங்கள் தொடுகோட்டை அளந்து பார்த்தால் 7.4க்குப் பக்கத்தில் வர வேண்டும். 6.8 வந்தால் படத்தில் எங்கோ தவறு, திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. வில்கள் வெட்டிய தடங்களை ரப்பரால் அழிக்காதீர்கள். படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அதை அழித்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கவராயத்தை வைத்துத்தான் வரைந்தீர்கள் என்பதற்கு அந்தத் தடம்தான் சாட்சி.

வரைபடத்தில் அளவுத்திட்டம். x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள் என்பது போல, வரைபடத்தாளின் மூலையிலேயே எழுதிவிடுங்கள். அச்சுகளுக்கு x, y என்று பெயர், ஆதிப்புள்ளிக்கு O, புள்ளிகளுக்கு ஆயத்தொலைகள். அட்டவணை விடைத்தாளில். y = x² − 9x + 20 போன்ற ஒன்று வந்தால் x = 4, x = 5 இரண்டிலும் y = 0 வரும். உடனே நிறையப் பேர் இந்த இரண்டு புள்ளிகளையும் x அச்சின் மேலேயே நேர்க்கோடாக இழுத்துவிடுவார்கள். வளைவரை அப்படிப் போகாது; x = 4.5இல் y = −0.25, அதாவது அச்சுக்குக் கீழே மெல்லத் தொட்டுவிட்டு மேலே ஏறும். புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைக்காமல், கையால் ஒரே வீச்சில் வளைத்து வரையுங்கள். அதற்குமுன் பென்சிலைத் தாளில் படாமல் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், கை தானாகப் பழகிவிடும். கடைசியில் "மெய்யான, சமமற்ற மூலங்கள்" என்ற முடிவை வாக்கியமாக எழுதுங்கள்.

தேற்றம் எழுதும்போது படம், கூற்று, கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். நிரூபணத்தின் நடுவில் மறந்துபோனாலும் படமும் கூற்றும் வீணாகாது.

அளவியலில் அலகு. கன அளவுக்குக் க.செ.மீ., பரப்புக்குச் ச.செ.மீ. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் வருடம் தவறாமல் விடுகிறார்கள்.

மனக்கணக்குப் போடும் இடத்தை ஒளித்து வைக்காதீர்கள். பெருக்கல், வகுத்தலைப் பக்கத்தின் அடியில் கோடு போட்டுப் பிரித்துச் செய்யுங்கள். உள்ளங்கையிலோ நுழைவுச்சீட்டின் பின்புறத்திலோ எழுதிப் பார்ப்பது வீண் வம்பு. கண்காணிப்பாளர் கண்ணில் அது வேறு மாதிரி தெரியும்.

அறிவியலும் சமூக அறிவியலும்

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 இருக்க வேண்டும். செய்முறை 25 வாங்கிவிட்டோம், இன்னும் பத்துதானே என்று நினைக்கிற சிலர் உண்டு. அந்தக் கணக்கு தப்பு. 75 மதிப்பெண்ணுக்கும் மூன்று மணி நேரம்தான், அதனால் நேரம் தாராளம். அந்த நேரத்தைப் படங்களுக்குச் செலவிடுங்கள். இதயமோ நெஃப்ரானோ, படம் ஓவியமாக இருக்க வேண்டியதில்லை. பாகங்களின் பெயர்கள் ஒரே பக்கமாக, கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், அம்புக்குறியின் முனை உரிய பாகத்தைத் தொட்டபடி இருந்தால் போதும். வேதியியல் சமன்பாட்டைச் சமன் செய்தோமா என்று இருபுறமும் அணுக்களை எண்ணிப் பாருங்கள். இயற்பியல் கணக்கில் தரவு, வாய்ப்பாடு, பிரதியிடல், அலகுடன் விடை.

"வேறுபடுத்துக" என்றால் கட்டம் போடுங்கள். சைலம், ஃபுளோயம் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக வர்ணித்தால் வேறுபாட்டைத் திருத்துபவர்தான் தேட வேண்டும். சைலம் நீரையும் கனிமங்களையும் கடத்துகிறது என்று இடப்பக்கம் எழுதினால், அதற்கு நேர் எதிரே ஃபுளோயம் உணவைக் கடத்துகிறது என்று வர வேண்டும். ஒரு வரிசையில் கடத்துவதைச் சொல்லிவிட்டு எதிரே செல்லின் வடிவத்தைச் சொன்னால் அது வேறுபாடு ஆகாது.

"காரணம் கூறுக" என்பதற்கு விளக்கமும், "வரையறு" என்பதற்கு ஒரு பக்கக் கட்டுரையும் எழுதுவது அடுத்த நோய். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இரண்டு கருத்து போதும். பக்கம் பக்கமாக எழுதினால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, குறிப்பாகச் சமூக அறிவியலில். ஐந்து மதிப்பெண் என்றால் ஐந்தாறு கருத்துகளை எண் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு வரியில் எழுதுங்கள். முக்கியமான சொல்லை அடிக்கோடிடுங்கள். ஆனால் எல்லா வரியையும் அடிக்கோடிட்டால் எதையும் அடிக்கோடிடாத மாதிரிதான். நீலம் அல்லது கருப்பு மை மட்டும்தான் அனுமதி. பச்சை, சிவப்பு, ஸ்கெட்ச் எதுவும் வேண்டாம்.

காலக்கோட்டில் 1905 வங்கப் பிரிவினை, 1919 ஜாலியன்வாலா பாக், 1930 உப்புச் சத்தியாகிரகம், 1942 வெள்ளையனே வெளியேறு என்று நிகழ்வுகளை அடுக்கும்போது இடைவெளியும் அளவாக இருக்கட்டும். பத்தாண்டுக்கு இவ்வளவு செ.மீ. என்று முதலிலேயே கோட்டைப் பிரித்துவிட்டால் 1919ஐ 1930க்குப் பின்னால் வைக்கும் விபத்து நடக்காது. வரைபடத்தில் இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டிப் பக்கத்திலேயே பெயர் எழுதுங்கள்.

தமிழும் ஆங்கிலமும்

மனப்பாடப் பாடலை அடி பிரித்து, சீர் மாறாமல், பாடல் தொடங்கும் சொல்லும் முடியும் சொல்லும் கேட்டபடி வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். இது கையிலிருக்கும் காசு மாதிரி, விடவே கூடாது. கடிதத்தில் உங்கள் உண்மையான பெயரையும் முகவரியையும் எழுதிவிடாதீர்கள். விடைத்தாளில் எங்கேயும் உங்களை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது. "அ அ அ" என்று எழுதுவதுதான் வழக்கம். வினாவிலேயே பெயர் கொடுத்திருந்தால் அதை எழுதுங்கள். கட்டுரைக்குக் குறிப்புகள் தந்திருந்தால் அவற்றையே உட்தலைப்புகளாக்கிவிடுங்கள். ஆங்கிலத்துக்கும் இதே நடைமுறைதான்.

மூளை வெறுமையானால்

படித்தது எல்லாம் மறந்துபோன மாதிரி ஒரு நிமிடம் வரும். எனக்கே வந்திருக்கிறது. அப்போது பேனாவை வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பிறகு மிக எளிதான ஒரு வினாவை எடுத்து அதன் எண்ணை எழுதுங்கள். கணக்கென்றால் கொடுக்கப்பட்டவற்றைப் பட்டியலிடுங்கள், சம்பந்தப்பட்ட வாய்ப்பாட்டை எழுதுங்கள், படம் போட முடிந்தால் போடுங்கள். கை ஓட ஆரம்பித்தால் மறதி தானாக விலகுவதைப் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். விலகாவிட்டாலும் எழுதிய வாய்ப்பாட்டுக்கு ஏதாவது கிடைக்கும்.

தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதுங்கள். கறுப்பாகப் பூசி மெழுக வேண்டாம். இன்னொன்று, இது முக்கியம்: தேர்வு மோசமாகப் போய்விட்டது, மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று எழுதிய விடைகள் அனைத்தையும் தாங்களே கோடிட்டு அடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது ஒழுங்கீனச் செயலாகக் கருதப்படும், தண்டனையும் உண்டு. கோபத்திலோ பயத்திலோ அப்படிச் செய்துவிடாதீர்கள்.

கடைசி 20 நிமிடம்

இந்த நேரத்தில் விடைகளைத் திரும்பப் படித்து ரசிக்க வேண்டாம். வினா எண்களை மட்டும் முதலில் பாருங்கள். ஓரத்தில் எழுதிய எண்ணும் வினாத்தாளின் எண்ணும் ஒன்றா? கட்டாய வினா எழுதியாகிவிட்டதா? ஒவ்வொரு பகுதியிலும் கேட்ட எண்ணிக்கை இருக்கிறதா? இடம் விட்டு வந்த கணக்கு எது? அதற்கப்புறம் உங்கள் மேசைச் சீட்டில் எழுதிய அந்த வழக்கமான தவறு. அதை மட்டும் தேடுங்கள். வரைபடத்தாள் தனியாகத் தரப்பட்டிருந்தால் அதில் வினா எண் எழுதி, விடைத்தாளோடு இறுக்கிக் கட்டுங்கள். மணி அடித்த பிறகு நூலைத் தேடாதீர்கள்.

வெளியே வந்ததும்

வாசலில் நின்று விடைகளை ஒப்பிடும் கூட்டத்தில் இரண்டு நிமிடம் நின்றாலே அன்றைய மாலை போய்விடும். ஒரு மதிப்பெண்ணில் தவறியது தெரிந்து, அடுத்த பாடத்துக்கான ஒரு முழு மாலையை இழப்பது யாருக்கு லாபம்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்குங்கள். பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: கதவைத் திறந்ததும் "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள். சாப்பாடு போட்டுவிட்டு நுழைவுச்சீட்டு பையிலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; தேர்வறையின் மேசை மேல் வைத்துவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய.